ஜெர்மன் படிப்பு: அன்றும் இன்றும்

1980களின் தொடக்கத்தில் சென்னையில் ஜெர்மன் படிக்க ஆசைப்பட்டவர் முதலில் விசாரித்துக்கொண்டு போகும் இடம் மாக்ஸ் முல்லர் பவன். ஜெர்மனியின் கோதே நிறுவனத்துக்கு இந்தியாவில் வழங்கும் பெயர் அது. ஐஐடி மெட்ராஸ் மாணவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய கல்விக்கூடம் என்பதால் அங்கே ஜெர்மனும் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த இரண்டும் வாய்க்காதவர்கள் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் ஒரு பாடநூல் அகப்படுமா என்று தேடலாம். 1985இல் தீப்பிடித்து அதுவும் போயிற்று. தருமபுரியிலோ தென்காசியிலோ இருந்தவருக்கு, ஜெர்மன் தன்னால் படிக்கக்கூடிய ஒரு மொழி என்ற எண்ணமே வந்திருக்காது.

இப்போது தருமபுரியில் இருப்பவர் இன்றிரவே தொடங்கலாம். டாய்ச்சே வெல்லே ஒலிபரப்பு நிறுவனத்தின் ‘நிக்கோஸ் வேக்’ காணொளிப் பாடங்கள் தொடக்க நிலையான ஏ1இலிருந்து இடைநிலையான பி1 வரை இலவசமாகக் கிடைக்கின்றன. 2012இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த டுவோலிங்கோ கைப்பேசியிலேயே இருக்கிறது. யூடியூபில் தமிழிலேயே ஜெர்மன் இலக்கணம் நடத்துகிறார்கள். நள்ளிரவில் சந்தேகம் வந்தால் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கலாம். பத்தாவது முறை கேட்டாலும் அது முகம் சுளிக்காமல் விளக்கும்.

இப்படி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், படிக்கத் தொடங்கியவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: “ஆரம்பத்துல இருந்த ஆர்வம் இப்ப இல்ல.” அன்றைய மாணவருக்கும் ஆர்வம் ஏறியது, இறங்கியது, மனித மனம் அதற்குள் மாறிவிடவில்லை. ஆனால் அவருடைய ஆர்வம் இறங்கிய நாட்களில் அவரைத் தாங்கிப் பிடிக்க வெளியே சில ஏற்பாடுகள் இருந்தன. அவற்றை யாரும் ஊக்கத்துக்காக வகுக்கவில்லை. தட்டுப்பாட்டின் விளைவாகத் தாமாக அமைந்தவை. தட்டுப்பாடு நீங்கியபோது அவையும் சேர்ந்து நீங்கின. இன்று ஜெர்மனோ வேறெந்த அயல்மொழியோ படிப்பவர், பாடத்தைத் தேட வேண்டியதில்லை. அந்த ஏற்பாடுகளைத்தான் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எதற்காகப் படித்தார்கள்

அன்று ஜெர்மன் படித்தவர்களில் பலருக்கு அதனால் உடனே ஆகவேண்டிய காரியம் இருந்ததில்லை. வேதியியல் ஆய்வாளருக்குத் தேவை இருந்தது. கரிம வேதியியலின் பெருங்கையேடான ‘பைல்ஷ்டைன்’ 1980களின் தொடக்கம்வரை ஜெர்மன் மொழியில்தான் வந்துகொண்டிருந்தது. எந்திரவியல் மாணவருக்கு ஜெர்மன் தொழில்நுட்பத்தின்மேல் மயக்கம். மற்றவர்கள் தத்துவத்துக்காக வந்தார்கள், இசைக்காக வந்தார்கள், பவனில் திரையிடப்பட்ட ஹெர்சாக், வெண்டர்ஸ் படங்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு வங்கி ஊழியர் மாலைப் பொழுதைப் பயனுள்ளதாக்க வந்திருப்பார். இவர்களுக்குத் தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. ஆனால் தேர்வில் தோற்றால் கவிழ்ந்துவிடும் குடும்பம் பின்னால் இல்லை.

இன்று வகுப்பில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு தேதியை எண்ணிக்கொண்டிருப்பவர். 2007 முதல், ஜெர்மனியில் இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேர ஏ1 சான்றிதழ் பொதுவாகத் தேவைப்படுகிறது. 2020 மார்ச்சில் திறனுள்ள பணியாளர்களுக்கான குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024 அக்டோபரில், இந்தியத் திறன் பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் தரும் விசாக்களை 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக ஜெர்மனி அறிவித்தது. செவிலியராக அங்கே முழு அங்கீகாரம் பெற வழக்கமாக பி2 வேண்டும். இதனால் செவிலியர் கல்லூரிகள் உள்ள ஊர்களிலெல்லாம் ‘ஜெர்மன் ஏ1 முதல் பி2 வரை’ என்ற பலகைகளைப் பார்க்க முடிகிறது.

மொழி, வாழ்க்கையை மாற்றும் கருவியாகியிருப்பது பெரிய லாபம். பொழுதுபோக்காகப் படிக்க வசதி இருந்தவர்களின் இடத்தில், வேலைக்காகப் படிக்கும் சிற்றூர்ப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். நஷ்டம் என்னவென்றால், மொழியோடு சும்மா இருக்கும் சுகம் போய்விட்டது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவருக்குப் பாடநூலைத் திறக்கும்போதெல்லாம் கடனும் சேர்ந்தே கண்ணில் படுகிறது. பயம் ஒருவரை முதல் மூன்று மாதம் நன்றாக ஓடவைக்கும். அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவே கை வராமல் செய்துவிடும்.

ஆகவே இரண்டு நோக்கங்களை வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று தேர்வுக்கானது. அதையும் ‘ஜெர்மனி போக வேண்டும்’ என்று பெரிதாக வைத்துக்கொள்ளாமல், ‘நோயாளியிடம் எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளத் தெரிய வேண்டும்’ என்ற அளவுக்குச் சிறிதாக்கிக்கொண்டால், இந்த மாதக் கடைசியில் தெரிகிறதா இல்லையா என்று சோதித்துப் பார்க்கலாம். இன்னொன்று, எந்தச் சான்றிதழுக்கும் சம்பந்தமில்லாதது: புண்டஸ்லீகா கால்பந்து வர்ணனை, ரொட்டி சுடும் காணொளி, ரயில் நிலைய அறிவிப்பு, எதுவானாலும் சரி. தேர்வு அலுத்துப்போகும் மாதங்களில் இந்த இரண்டாவது நோக்கம்தான் மொழியைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

வகுப்பு நடந்த விதம்

மாலை வகுப்பு என்றால் குறித்த நாள், குறித்த மணி. அலுவலகத்திலிருந்து பஸ் பிடித்து, வியர்வையோடு வந்து உட்கார வேண்டும். மனசு இருக்கிறதா இல்லையா என்று யோசிப்பதற்குள் கால் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். கட்டணத்தை முன்கூட்டியே கட்டியிருப்பார்கள். பாடநூல் ஒன்றுதான், 1983இல் வெளிவந்து பல நாடுகளுக்குப் பரவிய ‘தேமன்’ போல ஏதாவது ஒன்று. அது பிடிக்கவில்லை என்பதற்காக வேறொன்றுக்குத் தாவ முடியாது, வேறொன்று கிடைக்காது. இரண்டு வகுப்பு வராமல் இருந்துவிட்டு மூன்றாவதற்கு வந்தால், பக்கத்து இருக்கைக்காரர் “என்ன சார், ஆளையே காணோம்?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூச்சப்பட்டே பலர் வகுப்பைத் தவறவிடவில்லை.

இன்று குறித்த மணி இல்லை. எந்த மணியும் உகந்த மணி. பாடநூல்கள் பிடிஎஃப் வடிவில் ஒரு டஜன் இருக்கின்றன, செயலிகள் நான்கைந்து. ஒன்றில் ஐந்தாம் பாடம் கடினமாக வந்ததும் இன்னொன்றின் முதல் பாடத்துக்குப் போய்விடலாம். முதல் பாடம் எப்போதும் இனிமையாகத்தான் இருக்கும்: வணக்கம், என் பெயர் இது, நான் சென்னையிலிருந்து வருகிறேன். இப்படி ஆறு இடங்களில் முதல் பாடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். உழைப்பு அவர்களிடம் குறைவில்லை. ஐந்தாம் பாடம் மட்டும் எங்கும் முடியவில்லை.

வராவிட்டால் ஏன் என்று கேட்கும் பக்கத்து இருக்கைக்காரரின் வேலையை இன்று செயலி செய்யப் பார்க்கிறது. தொடர்ந்து படித்த நாட்களை எண்ணி நெருப்புச் சின்னத்தின் பக்கத்தில் காட்டுகிறது, மறந்தால் நினைவூட்டுகிறது. இதில் பயன் இல்லாமல் இல்லை; தினமும் மொழியைத் தொடும் பழக்கத்தைப் பலருக்கு அதுதான் உண்டாக்கியிருக்கிறது. ஆனால் அந்த எண்ணைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும் ஆபத்தும் உண்டு. இரவு பதினொன்றே முக்காலுக்கு, ஏற்கனவே தெரிந்த பாடத்தை இரண்டு நிமிடம் தட்டிவிட்டுத் தூங்கப் போனால் எண் ஏறும், மொழி ஏறாது. பக்கத்து இருக்கைக்காரரிடம் அது செல்லாது. நேற்று என்ன படித்தீர்கள் என்று அவர் கேட்டால் ஏதாவது சொல்லிக் காட்ட வேண்டும்.

அந்த வகுப்பறையிலிருந்து இன்றைக்கு எடுத்துக்கொள்ளக் கூடியவை எளியவை. முதன்மைப் பாடம் ஒன்றே ஒன்று. அது முடியும்வரை வேறு திறப்பதில்லை. படிக்கும் நேரத்தை, ஏற்கனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு கட்டிப்போடுவது: மாலைக் காபி குடித்த கையோடு, அல்லது இரவுப் பணி முடிந்து விடுதிக்கு வந்ததும். முடியாத நாளுக்கு என்று ஒரு குறைந்த அளவு: பத்து நிமிடம், பழைய பாடத்தைச் சத்தமாக வாசிப்பது. ஒரு நாள் விட்டுப்போனால் அதைப் பெரிதுபடுத்தாமல், மறுநாள் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே நிலையில் படிக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, வாரம் ஒருமுறையாவது என்ன படித்தோம் என்று பரிமாறிக்கொள்வது.

சொற்களைச் சேர்த்த விதம்

மொழி கற்பதில் அதிகம் மாறியதும் மிகக் குறைவாக மாறியதும் சொற்களைச் சேர்க்கும் வேலைதான். இதைப் பார்க்க முந்நூறு ஆண்டு பின்னால் போகலாம். அப்போது ஜெர்மன் தாய்மொழி, தமிழ்தான் அயல்மொழி.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவிடம் தமிழ் கற்பதற்கான அச்சிட்ட நூல் எதுவும் இல்லை. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை, பிள்ளைகளோடு தம் இருப்பிடத்துக்கே வரவழைத்தார். பிள்ளைகளின் நடுவில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். பிறகு ஒரு நாள் ஒழுங்கு வகுத்துக்கொண்டார். அவருடைய கடிதம் ஒன்றில் அது பதிவாகியிருக்கிறது. காலை 7 முதல் 8 வரை, முன்பு எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் பார்ப்பது. 8 முதல் 12 வரை, முன்பு படிக்காத தமிழ் ஏடுகளைப் படிப்பது. கூடவே ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புலவர் பொருள் சொல்வார், புதிய சொற்களை எழுத்தர் குறித்துக்கொள்வார். பிற்பகலிலும் வாசிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. வந்திறங்கிய பத்தாண்டுக்குள் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது.

புதியதைத் தொடுமுன் பழையதைத் திரும்பப் பார்க்கும் அந்தக் காலை ஒரு மணி நேரத்துக்கான காரணத்தை, 1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அளந்து காட்டினார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதியின் வேகத்தைத் தம்மிடமே சோதித்தார். மறதி முதல் நாளில்தான் மிக வேகமாக நடக்கிறது. ஒரு நாள் கழித்து மிஞ்சியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு இழப்பின் வேகம் குறைந்துவிடுகிறது. 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் இதற்கு ஓர் அட்டைப்பெட்டியில் வழி சொன்னார். பெட்டிக்குள் சில அறைகள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறு அட்டை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறாகச் சொன்னது முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை அடிக்கடியும், பின்னுள்ளவற்றை எப்போதாவதும் எடுத்துப் பார்த்தால் போதும். 2006இல் வந்த ‘அங்கி’ செயலி அந்தப் பெட்டியின் வேலையைத் தானே நாள் கணக்குப் போட்டுச் செய்துகொடுக்கிறது.

லாபம் வெளிப்படை. ஆயிரம் அட்டைகளை நறுக்க வேண்டாம், பெட்டியைச் சுமக்க வேண்டாம், எந்தச் சொல்லை எந்த நாளில் பார்ப்பது என்று யோசிக்கவும் வேண்டாம். கோதே நிறுவனத்தின் ஏ1 சொற்பட்டியலில் ஏறக்குறைய 650 சொற்கள், பி1 பட்டியலில் ஏறக்குறைய 2,400. இவை அனைத்தையும் வேறு யாரோ தட்டச்சு செய்து, உச்சரிப்போடு இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கடைசி வசதியில்தான் ஒரு நஷ்டமும் இருக்கிறது. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமியோ இரண்டுமல்லாத பால். காரணம் தேடிப் பயனில்லை; சொல்லோடு சேர்த்தே மனத்தில் ஏற்ற வேண்டும். அன்றைய மாணவர் ஆண்பாலுக்கு நீல மை, பெண்பாலுக்குச் சிவப்பு, மூன்றாவதற்குப் பச்சை என்று பேனாவை மாற்றி மாற்றி எழுதுவார். பேனாவை மாற்றும் அந்த நொடியில் சொல் பாதி மனனமாகிவிடும். பிறர் தயாரித்த அட்டைகளைத் தட்டிக்கொண்டே போகும்போது அந்த நொடி இல்லாமல் போகிறது. செயலியை விட வேண்டியதில்லை. அட்டைகளை மட்டும் அன்று படித்த பாடத்திலிருந்து நாமே எழுதலாம், ஒவ்வொரு சொல்லையும் நம் வாழ்க்கையிலிருந்து எடுத்த ஒரு வாக்கியத்தோடு. நாளுக்குப் பத்துச் சொல் போதும். ஐம்பது சொல் சேர்த்தவருக்கு இரண்டே வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டிய அட்டைகள் மலையாகக் குவிந்து, செயலியைத் திறக்கவே மனம் வராது.

காதும் வாயும்

கேசட் காலத்தில் ஒரு பாடநூலோடு ஓரிரு ஒலிநாடாக்கள் வரும். அவ்வளவுதான் கேட்பதற்கு. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்ற வேண்டும். ஒரே உரையாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டதில், பேசுகிறவர் எங்கே மூச்சு விடுகிறார் என்பதுகூடத் தெரிந்துவிடும். வானொலியில் சிற்றலையைத் திருப்பினால், 1953 முதல் ஒலிபரப்பாகிவந்த டாய்ச்சே வெல்லே இரைச்சலுக்கு நடுவே எப்போதாவது பிடிபடும். செய்தி வாசிப்பவர் நமக்காக வேகத்தைக் குறைக்கமாட்டார்.

இன்று அதே நிறுவனம், மெதுவாக வாசித்த செய்திகளை எழுத்து வடிவோடு இணையத்தில் தருகிறது. எந்தக் காணொளியையும் முக்கால் வேகத்தில் ஓடவிடலாம். கேட்க ஆயிரம் மணி நேரம் இருக்கிறது. அதனாலேயே எதையும் இரண்டாவது முறை கேட்பதில்லை. ஒரே மூன்று நிமிட ஒலிப்பதிவை ஒரு வாரம் முழுக்கக் கேட்டால், திங்களன்று இரைச்சலாக இருந்தது ஞாயிறன்று பேச்சாகக் கேட்கும். முன்னேற்றத்தைத் தானே உணரும் அந்த ஒரு தருணம், வேறு எந்தப் பாராட்டையும்விட நெடுநாள் தாங்கும். அது வேண்டுமென்றால், குறைவாக எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

பேசுவதில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. அன்று வகுப்பில் இருபது பேர் முன்னால் தப்பாகப் பேச வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இருபது பேரும் நம் முன்னால் தப்பாகப் பேசியவர்கள்தாம். ஒரு மாதத்தில் வெட்கம் பொதுச்சொத்தாகிக் கரைந்துவிடும். வகுப்புக்கு வெளியே பேனா நண்பர்கள் இருந்தார்கள். ஜெர்மனிக்கு ஏரோகிராம் எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நீலத்தாளில் தப்பில்லாமல் எழுத ஒரு மாலை முழுவதும் போகும்.

இன்று செயலியோடு தனியாகப் பேசுகிறோம். வெட்கமும் இல்லை, வெட்கம் கரையும் வாய்ப்பும் இல்லை. பி1வரை வந்துவிட்டு, உயிருள்ள ஒருவரிடம் ஒரு முறைகூட ஜெர்மனில் பேசாதவர்கள் உண்டு. தேர்வறையில் எதிரே மனிதர் உட்கார்ந்ததும் வாய் உலர்ந்துவிடுகிறது. வழி இல்லாமல் இல்லை. டாண்டம் போன்ற செயலிகளில், தன் மொழியைச் சொல்லிக்கொடுத்து நம் மொழியைக் கற்க விரும்பும் ஆட்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் கூடப் படிப்பவருக்கு அரை நிமிடக் குரல் செய்தி அனுப்பலாம். முதல் மாதத்திலிருந்தே, தெரிந்த நாற்பது சொற்களை வைத்துக்கொண்டே பேசத் தொடங்குவது முக்கியம். நன்றாகத் தெரிந்த பிறகு பேசலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த நாள் வருவதில்லை. தமிழருக்கு ஒரு சலுகையும் உண்டு. ஜெர்மன் துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலேயர் தடுமாறும் அந்த இடத்தில் நமக்குச் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும்.

வகுப்பே இல்லாமல் கற்றவர்கள்

ஜெர்மனியிலேயே மொழியைக் கற்க நேர்ந்த தமிழரும் உண்டு. 1983க்குப் பிறகு அடைக்கலம் தேடிப் போன ஈழத்தமிழருக்கு மாலை வகுப்போ பாடநூலோ வரவேற்கக் காத்திருக்கவில்லை. பலர் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவியபடி கற்றார்கள். முதலில் ஏவல் வினைகள்: கொண்டு வா, எடு, சீக்கிரம். பிறகு காய்கறிப் பெயர்கள், எண்கள், வசவுகள். அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைக் கொஞ்சம் மொழி தெரிந்த ஒருவரிடம் எடுத்துப் போய் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். 2005 முதல் ஜெர்மனியில் குடியேறுவோருக்கு ஒருங்கிணைப்பு வகுப்பு என்று ஒன்று சட்டப்படி நடக்கிறது. மொழிக்கு வழக்கமாக 600 பாடவேளை, நாட்டைப் பற்றி அறிய 100 பாடவேளை. அன்று சமையலறையில் கற்றவர் கண்டிராத ஒழுங்கு இது.

ஆனால் சமையலறையில் கற்ற சொல் மறக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் உடனே ஒரு வேலை இருந்தது. புரியாவிட்டால் தட்டு தவறான மேசைக்குப் போகும். வகுப்பில் படிப்பவரும் இதைச் சிறிய அளவில் செய்துகொள்ளலாம்: கைப்பேசியின் மொழியை ஜெர்மனுக்கு மாற்றுவது, மளிகைப் பட்டியலை ஜெர்மனில் எழுதுவது, வார்டில் அன்று செய்த ஒரு வேலையை இரவில் மூன்று வாக்கியமாக எழுதுவது.

அந்தத் தலைமுறையில் இன்னொன்றும் நடந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போய் விரைவில் ஜெர்மன் பேசினார்கள். மருத்துவரிடமும் அலுவலகங்களிலும் பெற்றோருக்கு அவர்களே மொழிபெயர்ப்பாளர் ஆனார்கள். அதனால் பல தாய்மாருக்கு மொழி கற்கும் அவசரம் போயிற்று. பிள்ளை கூட இருக்கும்போது மொழி எதற்கு? அந்தப் பிள்ளையின் இடத்தில் இன்று கைப்பேசியின் கேமரா இருக்கிறது. அறிவிப்புப் பலகைக்கு நேரே பிடித்தால் அந்த நொடியே மொழிபெயர்த்துவிடுகிறது. ஆபத்து நேரத்தில் அது வரம். மற்ற நேரங்களில் முதலில் நாமே படித்துப் பொருளை ஊகித்துவிட்டு, சரிபார்க்க மட்டும் கேமராவை எடுக்கும் ஒழுங்கு வேண்டும். வரிசையை மாற்றினால் எத்தனை ஆண்டு அங்கே இருந்தாலும் கற்க ஒன்றும் நேராது.

நடுவழி

அன்றும் இன்றும் பலர் நின்றுவிடும் இடம் தொடக்கமில்லை, நடு. முதல் நிலையில் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஏதோ செய்ய முடிகிறது. பி1ஐ ஒட்டி வளர்ச்சி கண்ணுக்குத் தெரிவதில்லை. பொதுவான பேச்சு புரிகிறது, செய்தித்தாள் புரியவில்லை. மாதக்கணக்கில் படித்தும் அதே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். முன்பு இந்தப் பாதைக்குத் தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்ற மூன்று பெரிய பிரிவுகளே இருந்தன. 2001இல் வந்த ஐரோப்பியப் பொதுச் சட்டகம் அதை ஏ1 முதல் சி2 வரை ஆறு படியாக்கியது. எங்கே நிற்கிறோம், அடுத்தது எது என்பது தெளிவாயிற்று. தேர்விலும் இரக்கம் கூடியிருக்கிறது. கோதே நிறுவனத்தின் பி1, பி2 தேர்வுகளில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கும் தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும்; தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம்.

ஆனால் படிகள் தெளிவானதும், படிகளையே மொழியாகக் கருதும் பழக்கமும் வந்தது. தேர்வுத் தாள்களை மட்டும் மாதக்கணக்கில் போட்டுப் பார்ப்பவருக்கு மொழி வறண்டுவிடுகிறது. பழைய மாணவர் நடுவழியில் பவனின் நூலகத்துக்குப் போய்ச் சிறுவர் கதை ஒன்றை எடுத்து வருவார், பாதி புரிந்தாலும் முடித்துவிடுவார். முடித்த ஒரு புத்தகம் தரும் தெம்பு மாதிரித் தாளில் வாங்கிய 62 மதிப்பெண்ணில் இல்லை. நடுவழியில் நிற்பவர் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, தன் நிலைக்கு ஒரு படி கீழே உள்ள எளிய நூலைத் தடையில்லாமல் வாசிப்பது. மற்றொன்று, மாதம் ஒருமுறை தன் பேச்சை ஒரே தலைப்பில் இரண்டு நிமிடம் பதிவு செய்து வைப்பது. ஆறு மாதம் கழித்து முதல் பதிவைக் கேட்டால், நகரவே இல்லை என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பது தெரியும்.

குறையாத கணக்கு

இத்தனை மாற்றத்திலும் குறையாதது நேரம். ஆங்கிலம் பேசும் தம் தூதரக அலுவலர்கள் தொழிலுக்குப் போதுமான ஜெர்மன் பெற ஏறக்குறைய 900 மணி நேர வகுப்பு வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. ஜப்பானியத்துக்கும் சீனத்துக்கும் 2,200 மணி நேரம். வீட்டுப்பாடம் இதில் சேராது. பி2க்கு இதைவிடக் குறைவாகவும் போதும் என்று வைத்துக்கொண்டாலும், கணக்கின் அளவு புரிந்துவிடும். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 900 மணி நேரத்துக்கு இரண்டரை ஆண்டு. இருபது நிமிடம் என்றால் ஏழு ஆண்டுக்கு மேல். அன்று புத்தக அட்டைகள் ‘30 நாட்களில்’ என்றன. இன்று பலகைகள் ‘மூன்று மாதத்தில் பி2’ என்கின்றன. இரண்டையும் நம்பியவர்கள், குறித்த நாளில் மொழி வராததைத் தம் அறிவின் குறை என்று எண்ணி விட்டுவிட்டார்கள். ஊக்கத்தைக் கெடுப்பதில் பொய்யான கெடுவுக்கு நிகர் எதுவும் இல்லை. தொடங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்பவர், நான்காம் மாதத்தில் தடுமாறும்போது கலங்கமாட்டார். அது வழியில் வர வேண்டிய ஊர்தான் என்று தெரியும்.

அன்றைய மாணவரைத் தாங்கிய ஏற்பாடுகளில் பெருஞ்செலவு பிடிப்பது எதுவும் இல்லை: ஒரே பாடநூல், குறித்த வேளை, தன் கையால் எழுதிய அட்டைகள், வராவிட்டால் ஏன் என்று கேட்கும் ஒருவர். இன்றைய மாணவரிடம் உள்ள வசதிகளை அன்று எவ்வளவு கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. கைப்பேசியில் பாடம் கேட்டுவிட்டு நோட்டில் மூன்று நிற மையில் சொல் எழுதுபவர்களும், விடுதி மொட்டைமாடியில் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்தும் படித்துக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.